மாற்றுக் காவல்

மன்னவனூரில் எங்கள் இரண்டு காட்டுக்கும் ஒரே காவல்.
பொழுது சாய்ந்ததிலிருந்து நடுச்சாமம் வரை நான்,
அதற்குப் பிறகு சடையாண்டி.
கேரட் பழுத்த வாசனையைக்
கவுஞ்சிப் பக்கமிருந்தே பிடித்துவிடும் காட்டுமாடு.
தட்டுவதற்கு ஒரு தகர டப்பா, பாதி உயிருள்ள டார்ச்,
அணைய விடாத ஒரு தீ.

வளர்பிறை எட்டாம் நாள்.
பாதி நிலா மேற்கு முகட்டில் இறங்கியது,
வெளிச்சப் பாதி முதலில்.
லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன்
கனத்த முனையை முதலில் சாய்ப்பானே, அப்படி.
இருண்ட பாதி சோலைக்குப் பின்னால்
எப்போது போனது, யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் பார்த்து வந்தான் சடையாண்டி,
கம்பளிக்குள் கழுத்து வரை கோபத்தோடு.
"உனக்கு மட்டும் விளக்கு போட்டுக் குடுக்குது.
நான் வந்ததும் அணைச்சிட்டுப் போகுது.
என்ன நியாயம் இது?"

"பொறு. பௌர்ணமிக்கு ரெண்டு பேருக்கும் உண்டு.
அதுக்கடுத்த எட்டாம் நாள்
டப்பாவ எங்க வச்சேன்னு இருட்டுல நான் தடவுவேன்.
நீ வர்ற நேரத்துக்குக் கிழக்கால ஏறும்,
இருட்டுப் பாதிய முன்னால விட்டு
வெளிச்சத்தப் பின்னால இழுத்துக்கிட்டு."

"பூமியோட நிழல் விழுந்துதானே தேயுது?
பள்ளிக்கூடத்துல சொன்னாங்க."

"சொல்லியிருக்க மாட்டாங்க. நீ தூங்கியிருப்ப.
இன்னைக்கு மூணு மணிக்கு உரம் வச்சமே,
கிழக்கால வெளுத்துக் கெடந்துச்சே பாதி நிலா, பாத்தியா?
சூரியன் மேற்க. பூமியோட நிழல் அதுக்கு எதிர்ப்பக்கம்,
மண்ணுக்குக் கீழ எங்கயோ போகுது.
அது எப்படி வந்து நிலாவத் தொடும்?"

மூக்கைச் சொறிந்தான். பதில் இல்லை.
சாக்கிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தேன்.
"கைய நீட்டிப் பிடி. தீயப் பாத்து நில்லு.
தீதான் சூரியன். உன் மண்டைதான் பூமி."
அதற்கு மட்டும் சிரித்தான்.

கிழங்கின் அந்தப் பக்கம் எரிகிறது.
அவன் பக்கம் வெறும் கறுப்பு. அமாவாசை.
இடப்பக்கமாக மெல்லத் திரும்பச் சொன்னேன்.
வலது ஓரத்தில் ஒரு நகக்கீறல்.
தீ வலத்தோளுக்கு நேரே வந்தபோது சரிபாதி.
இன்னும் திரும்பினான், தீ முதுகைச் சுட்டது,
கிழங்கு முழுக்க மஞ்சளாக வேண்டிய இடத்தில்
அவன் தலை நிழல் அப்பிக்கொண்டது.

"இந்தா நிழல்!" கத்தினான், வழக்கில் ஜெயித்தவன் மாதிரி.
"அது கிரகணம். கையக் கொஞ்சம் தூக்கு.
பெரும்பாலான மாசம் நிலாவும் அப்படித்தான்,
நம்ம நிழலுக்கு மேலயோ கீழயோ ஒதுங்கிப் போயிடுது."
தூக்கினான்.
முகத்துக்கு எதிரே மண் ஒட்டிய பௌர்ணமி.

பிறகு அவனாகவே சுற்றத் தொடங்கினான்.
ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம்,
கம்பளி நழுவியது, எடுக்கவில்லை.
"அக்கா, இது தேயவே இல்ல.
எப்பவும் பாதி எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.
நான் நிக்கிற எடந்தான்..."

கறுக்.

தீக்கு அப்பால், பாத்தி நடுவே.
தீ பார்த்த விலா மட்டும் பழுப்பாகத் தெரிந்தது.
மறுபக்கத்தில் மாடே இல்லை.
டப்பாவைத் தட்டினேன். அது திரும்பியது,
பழுப்பு ஒடுங்கி ஒடுங்கி
ஒரு முதுகுக் கோடு,
ஒரு கால், அதன் வெள்ளைக் காலுறை,
அப்புறம் காடு.

இரண்டு பாத்தி போயிருந்தது.
ஒன்றை அவன் கணக்கிலும் ஒன்றை என் கணக்கிலும் போட்டோம்.
கிழங்கைச் சாம்பலில் புதைத்து, வெந்ததும்
பிட்டுக் கொடுத்தான். பெரிய பாதி அவனிடம்.
"நிக்கிற எடத்தப் பொறுத்து, அக்கா" என்றான்.

டார்ச்சை அவனிடம் விட்டுவிட்டு
வீட்டுக்கு நடந்தேன், பாதையைக் காலால் பார்த்துக்கொண்டு.
சூரியன் அப்போது
என் ரப்பர் செருப்புக்குக் கீழே எங்கோ
வேறு யாருடைய வெங்காயத்தையோ காயவைத்துக்கொண்டிருந்தது.